போலிக்குள் அசல்

‘போலி’ என்ற சொல்லுக்கு நம்மிடையே மதிப்புக் கிடையாது. போலி மருந்து, போலி நகை, போலிச் சாமியார் என்று அது எதோடு சேர்ந்தாலும் பின்னால் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். சினிமாக்காரர்கள் மட்டும் வெகு காலமாக ஒரு போலியை மரியாதையாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அவருக்கு ‘டூப்’ என்று பெயர். கதாநாயகர் மூன்றாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும். குதிப்பவர் கதாநாயகர் அல்ல. அதே சட்டை, அதே கிராப்பு, ஏறக்குறைய அதே உயரம் உள்ள வேறொருவர். நமக்கும் அது தெரியும். தெரிந்தும் கை தட்டுகிறோம். கதாநாயகருடைய எலும்பு முறியாமல் இருப்பதில் தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, நமக்கும் அக்கறை இருக்கிறது அல்லவா?

இந்த டூப் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து வேலை செய்கிறார் என்ற விஷயம் எனக்குச் சமீபத்தில்தான் தெரிய வந்தது. சொன்னவள் என் அக்காவின் பெண். அவளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் உத்தியோகம். குடியிருப்பது எங்களோடு தண்டையார்பேட்டையில். 2021 பிப்ரவரியில் எங்கள் பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்த பிறகு அவளுடைய பயணத்தில் ஒரு பாதி சுகமாகிவிட்டது. மறு பாதியைப் பற்றி அவளிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

“உனக்கு அங்கே என்னம்மா வேலை?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

“டெஸ்ட் எழுதறேன், மாமா.”

“இன்னுமா உனக்குப் பரீட்சை முடியலே?”

“எனக்கு இல்லே மாமா, புரோகிராமுக்கு. நானே கேள்வி போடறேன், நானே மார்க்கும் போடறேன்.”

“அப்போ எப்பவும் நூத்துக்கு நூறுதான்!”

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அதுதான் மாமா எங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலியே” என்றாள். பிறகு தன் தலைவலியை விளக்க ஆரம்பித்தாள். காப்பி இரண்டு முறை வந்து போயிற்று. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் இங்கே எழுதுகிறேன். எனக்கே புரிந்த விஷயம் வாசகர்களுக்குப் புரியாமல் போகாது.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கண்டெய்னர் லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கடற்கரையை ஒட்டிய எண்ணூர்ச் சாலையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தே வளர்ந்த குழந்தைகள் இங்கே உண்டு. கப்பலிலிருந்து இறங்கிய கண்டெய்னரைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுத்துக் கொண்டு போய்விட வேண்டும். தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று பணம் ஏறும். அதற்கு டெமரேஜ் என்று பெயர். அக்கா பெண் கையாளும் புரோகிராம் இந்த டெமரேஜைக் கணக்கிடுவது. கணக்கிடுவதற்கு அது மூன்று பேரின் உதவியை நாடுகிறது. முதலில் காலண்டரைக் கேட்கும்: “இன்றைக்கு என்ன தேதி?” பிறகு கட்டணப் பட்டியலைக் கேட்கும்: “பன்னிரண்டாவது நாளுக்கு என்ன விகிதம்?” கடைசியில் தபால்காரரைப் போன்ற ஒரு பகுதியைக் கூப்பிட்டு, இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று செல்போனில் செய்தி அனுப்பச் சொல்லும்.

இதைப் பரீட்சிப்பது எப்படி? பன்னிரண்டாவது நாள் கணக்கு சரியா என்று பார்ப்பதற்காகப் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு பரீட்சைக்கும் யாரோ ஒரு வியாபாரியின் செல்போன் மணி அடித்துக் கொண்டிருந்தால் அவரும் சும்மா இருக்க மாட்டார். ஆகவே காலண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலிக் காலண்டரை வைக்கிறார்கள். எப்போது கேட்டாலும் அது ‘இன்று பன்னிரண்டாம் நாள்’ என்றே சொல்லும். தபால்காரர் இடத்தில் ஒரு போலித் தபால்காரர். கடிதத்தை வாங்கிக் கொள்வார். எங்கும் போக மாட்டார். ‘ஒரு கடிதம் கொடுத்தார்கள், அதில் தொகை இவ்வளவு’ என்று மட்டும் தம் நோட்டில் குறித்து வைத்துக் கொள்வார். பரீட்சை முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்து மார்க் போடலாம்.

இப்படிப்பட்ட போலிகளுக்கு ‘மாக் ஆப்ஜெக்ட்’ என்று பெயர் வைத்து 2000ஆம் ஆண்டில் மூன்று பேர் ஒரு கட்டுரை வாசித்தார்கள்: டிம் மக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க். ஏழு வருஷம் கழித்து, 2007இல், ஜெரார்ட் மெஸாரோஸ் என்பவர் தடித்த புத்தகம் ஒன்று எழுதி இந்தப் போலிகளையெல்லாம் ஐந்து ஜாதியாகப் பிரித்துப் பட்டியல் போட்டுவிட்டார். டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் என்று அவற்றுக்குப் பெயர். ஐந்துக்கும் பொதுப் பெயராக அவர் எதை எடுத்துக் கொண்டார் தெரியுமா? ‘டெஸ்ட் டபுள்’. சினிமாவில் மாடியிலிருந்து குதிக்கிறாரே, அந்த ‘ஸ்டண்ட் டபு’ளைப் பார்த்து வைத்த பெயர். நம் கோடம்பாக்கத்து டூப்தான். அதனால்தான் ஆரம்பத்திலேயே அவரை அழைத்து வந்து நிறுத்தினேன்.

இது வரையில் எல்லாம் சரி. தலைவலி எங்கே வருகிறது?

கட்டணப் பட்டியலுக்கும் ஒரு போலியை வைத்தார்கள் என்று வைத்துக் கொள்வோம். பன்னிரண்டாவது நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. புரோகிராம் கேட்கிறது, ஆயிரம் என்று பதில் வருகிறது, கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. நூற்றுக்கு நூறு. ஆறு மாதம் கழித்து அசல் பட்டியல் மாறுகிறது. பத்து நாளுக்கு மேல் விகிதமே வேறு. போலிக்கு அது தெரியாது. அது பழைய ஆயிரத்தையே சொல்லிக் கொண்டிருக்கிறது. பரீட்சையில் அப்போதும் நூற்றுக்கு நூறு! வெளியே யார்டில் ஆட்களுக்குத் தவறான பில் போய்க் கொண்டிருக்கிறது.

“போலி கிட்டே நாம என்ன கேட்டாலும், நாம சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லும் மாமா. நமக்குத் தெரியாதது எதுவும் அதுக்கும் தெரியாது” என்றாள் அக்கா பெண்.

எனக்குச் சில பெரிய மனிதர்களுடைய அந்தரங்கக் காரியதரிசிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் அவர்கள் வேறொரு தினுசுப் போலியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேலே மட்டும் போலி. உள்ளே இருப்பது அசல். கட்டணப் பட்டியலின் மேல் ஓர் உறையைப் போட்டுவிடுவார்கள். புரோகிராம் வந்து கேள்வி கேட்டால், உறை அதைக் குறித்துக் கொள்ளும்: யார் கேட்டது, எத்தனை முறை கேட்டது, என்ன சொல்லிக் கேட்டது. குறித்துக் கொண்டு கேள்வியை உள்ளே இருக்கும் அசலிடம் தள்ளிவிடும். அசல் கணக்குப் போட்டுச் சொல்லும் பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் வெளியே கொடுத்துவிடும். வேண்டுமானால் அசலின் பத்துக் காரியங்களில் ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்து, அந்த ஒன்றுக்கு மட்டும் நாம் பதில் சொல்லிக் கொடுக்கலாம். மற்ற ஒன்பதும் அசலாகவே நடக்கும்.

நாடக ஒத்திகை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கதாநாயகி வரவில்லை, ஜுரம். அவளுடைய வசனத்தைப் பிராம்ப்டர் பீடியைப் பிடித்துக் கொண்டே படிக்கிறார். மற்ற எல்லோரும் அசல் நடிகர்கள். தகப்பனாராக நடிப்பவர் பிராம்ப்டரைப் பார்த்து, “என் கண்ணே!” என்று நிஜமாகவே கண்ணீர் விடுகிறார். தகப்பனாருக்குப் பாடம் வருகிறதா இல்லையா என்று தெரிந்து கொள்ள அது போதும்.

கம்ப்யூட்டர் பாஷைகள் பலவற்றில் இதற்கு ஏற்பாடு இருக்கிறதாம். ரூபி பாஷைக்காரர்கள் வைத்திருக்கும் ஆர்ஸ்பெக் என்ற சாதனத்தில் ‘ஆண்ட் கால் ஒரிஜினல்’ என்று எழுதினால் போதும்; ‘அசலையும் கூப்பிடு’ என்று அர்த்தம். ஜாவாக்காரர்களுடைய மாக்கிட்டோவிலும், ஜாவாஸ்கிரிப்டுக்காரர்களுடைய ஜெஸ்ட்டிலும் இதற்கு ‘ஸ்பை’ என்றே பெயர். ஒற்றன்! கூடவே இருந்து, தடுக்காமல், நடப்பதையெல்லாம் பார்த்துக் குறித்துக் கொள்பவனுக்குத் தகுந்த பெயர்தான். திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரி பார்த்துக் கொள் என்பது அதில் அவர் அரசனுக்குச் சொல்லும் புத்திமதிகளுள் ஒன்று. இதைப் பின்னால் மறுபடியும் எடுத்துக் கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் நான் ஒரு சுவையான செய்தி என்ற மட்டில் கேட்டு வைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் என்று தெரிந்தது அப்புறம் ஒரு நாள் இரவில்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கிளியரிங் ஏஜெண்ட். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டால் நிறைந்து போகும் ஓர் அறையில் அவருடைய ஆபீஸ். நாற்பது வருஷமாகத் துறைமுகத்துக் காகிதங்களோடு வாழ்ந்தவர். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு வந்து கதவைத் தட்டினார். கையில் செல்போன். கை நடுங்கியது.

“தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நான் சரியாத்தான் படிச்சேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

ஆங்கிலத்தில் இரண்டே வரி. அவருடைய பெயரில் மூன்று கண்டெய்னர்கள் கெடு தாண்டி நிற்கின்றன, டெமரேஜ் ரூ. 1,84,000, உடனே கட்டவும்.

“கட்டாம விட்டுட்டீங்களா?” என்று கேட்டேன்.

“கட்டறதுக்கு எனக்குக் கண்டெய்னர் எங்கே தம்பி இருக்கு? இந்த மாசம் பூராவும் ஒரு பெட்டி கூட வரலையே!”

எனக்கு உடனே ஆறுதல் ஏற்பட்டது. பெட்டியே வரவில்லை என்றால் பாக்கியும் இல்லை அல்லவா? ஆனால் அவர் முகம் தெளியவில்லை. அவருடைய பயம் பணத்தைப் பற்றியது அல்ல என்பது சற்று நேரம் பேசிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று. கிளியரிங் ஏஜெண்ட் என்பவர் சுங்க இலாகா கொடுத்த லைசென்சை வைத்துக் கொண்டு பிழைப்பவர். அவருடைய லைசென்சைக் காட்டி வேறு யாரோ மூன்று பெட்டிகளை இறக்கியிருந்தால்? பெட்டிக்குள் இருக்கக் கூடாதது ஏதாவது இருந்தால்? “நாளைக்குக் காலையில எவன் வந்து கதவைத் தட்டப் போறானோ” என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். லைசென்ஸ் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஒரு மணி வரையில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தோம். குடிக்காமல் கையிலேயே வைத்துக் கொண்டிருந்தார்.

மறு நாள் காலை பத்து மணிக்கு இன்னொரு செய்தி வந்தது. முந்தின இரவு வந்த செய்தி பரிசோதனையின்போது தவறுதலாக அனுப்பப்பட்டது என்றும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும், அசௌகரியத்துக்கு வருந்துவதாகவும் கண்டிருந்தது. அனுப்பிய கம்பெனியின் பெயர் எதற்கு? அக்கா பெண் வேலை செய்யும் கம்பெனி அல்ல அது. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று அவள் ஊகித்துச் சொன்னாள்.

“தபால்காரருக்கு மாக் போடாம ஸ்பை போட்டிருப்பாங்க மாமா. ஸ்பை கிட்டே நாம ஒண்ணும் சொல்லலேன்னா அது அசலையும் நடக்க விட்டுடும். ‘செய்தி போச்சா?’ன்னு கேட்டா, ‘போச்சு’ன்னு குறிச்சுக் காட்டும். டெஸ்ட் பாஸ்! ஆனா செய்தி நிஜமாவே போயிருக்கும்.”

இதில் இன்னொரு பள்ளமும் உண்டாம். மாக்கிட்டோவில் ஸ்பைக்கு, ‘இந்தக் கேள்வி வந்தால் அசலைக் கேட்காதே, இந்தப் பதிலைச் சொல்’ என்று பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தை வழக்கமான முறையில் எழுதினால், பாடம் சொல்லிக் கொடுக்கும்போதே அசல் ஒரு தடவை ஓடிவிடும். ‘என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்களே, அதனால் வந்தேன்’ என்கிற கதை. வேறு விதமாகத் திருப்பி எழுதினால்தான் ஓடாமல் இருக்கும். மாக்கிட்டோவை எழுதியவர்களே இதை எச்சரித்திருக்கிறார்கள். ஸ்பையை எப்போதாவது, பழைய புரோகிராம்களைப் பழுது பார்க்கும்போது, ஜாக்கிரதையாகத்தான் கையாள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு, பரீட்சைக்கு நிஜ மனிதர்களுடைய நிஜ டெலிபோன் நம்பர்களை எடுத்துக் கொண்டார்களே, அதுதான் மகா பாவம் என்பது அக்கா பெண்ணின் தீர்ப்பு.

பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக் கொண்டார். “பரீட்சை அவங்களுக்கு, காய்ச்சல் மட்டும் எனக்கா தம்பி?” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி அடிக்கடி யோசிக்கத் தொடங்கினேன். எதை அசலாக விடுவது, எதைப் போலியாக்குவது? எல்லாவற்றையும் போலியாக்கினால் பரீட்சை வெறும் கண் துடைப்பு. எல்லாவற்றையும் அசலாக விட்டால் அது பரீட்சையே அல்ல, காரியமே நடந்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுவது அசலாக இருக்கட்டும். வெளியே போய் ஒரு மனிதனைத் தொடுவது போலியாக இருக்கட்டும். இந்த ஒரு கோட்டைச் சரியாகப் போட்டிருந்தால் பெரியவர் அன்று தூங்கியிருப்பார்.

தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கோடு பழக்கமானது என்றுகூடச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கம்பெனிகளின் பெரிய பெரிய டாங்குகள் இருக்கின்றன. 1984இல் போபாலில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு சர்க்கார் விழித்துக் கொண்டு சட்டங்கள் செய்தது. அபாயகரமான ரசாயனப் பொருள்களைப் பற்றி 1989இல் போட்ட விதிகளின்படி, பெரிய அளவில் அவற்றை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது விபத்து ஒத்திகை நடத்த வேண்டும். ஒத்திகையில் ஊதுகிற சங்கு அசல். ஓடுகிற ஆட்கள் அசல். தீயணைப்பு வண்டியும் குழாயும் தண்ணீரும் அசல். தீ மட்டும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் சற்று முன்புதான் டீ குடித்துவிட்டு வந்து படுத்தவர்.

சங்கையும் போலியாக்கி, “சங்கு ஊதிவிட்டதாக வைத்துக் கொள்வோம்” என்று யாராவது வாயால் சொன்னால் என்ன ஆகும்? சங்கு துருப்பிடித்துக் கிடப்பது யாருக்கும் தெரியாமலே போகும். வண்டியை நிஜமாகவே ஓட்டிக் கொண்டு வந்தால்தான் பின்பக்கத்துக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருப்பதும், சாவி லீவில் போனவரிடம் இருப்பதும் வெளிப்படும். அந்தச் சாவியைப் பற்றி ஒத்திகைக்குத் திட்டம் போட்டவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நாம் நினைத்துப் பார்க்காததை நமக்குச் சொல்வது அசல் ஒன்றுதான். அதே சமயம், சங்குச் சத்தம் மதிலோடு நின்றுவிடாது. வெளியே இருக்கும் ஜனங்கள் காதிலும் விழும். ஆகவே அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது அவசியமாகிறது.

இதற்கு நேர் தலைகீழான ஒரு பரீட்சை எங்கள் வீட்டுக்குள்ளேயே பேச்சாக வந்தது. என் மனைவி மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. 2024 ஏப்ரல் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராக அவளைப் போட்டிருந்தார்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு. அதற்கு முன்னால், ஐந்தரை மணிக்கு, மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். கட்சி ஏஜெண்டுகள் தூக்கக் கண்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்களாம்.

இங்கே இயந்திரம் முழுவதும் அசல். சற்று நேரத்தில் ஊர் ஜனங்கள் வந்து அழுத்தப் போகும் அதே பொத்தான்கள். எண்ணப் போகும் அதே கட்டுப்பாட்டுக் கருவி. வாக்காளர்தான் போலி. ஏஜெண்டுகளும் அலுவலர்களுமாகக் குறைந்தது ஐம்பது வாக்குப் போட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வாக்காவது விழ வேண்டும். யாருக்கும் இல்லை என்ற நோட்டாவுக்கும் விழ வேண்டும். தண்டையார்பேட்டைப் பகுதிகள் அடங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் தொகுதியில் 2017 டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்ததே, அப்போது களத்தில் நின்றவர்கள் 59 பேர். நோட்டாவையும் சேர்த்து 60 பொத்தான். ஒரு கருவிக்குப் பதினாறு பெயர்தான் கொள்ளும் என்பதால் நான்கு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டியிருந்தது. பொத்தானுக்கு ஒன்று என்று அழுத்தினாலே அறுபது ஆகிவிடுகிறது.

கூடவே இன்னொரு பெட்டியும் இருக்கிறது. விவிபாட் என்கிறார்கள். வாக்குப் போட்டவுடன் யாருக்குப் போட்டோம் என்று ஒரு சீட்டை அச்சடித்து, கண்ணாடிக்குள் ஏழு விநாடி காட்டிவிட்டு, உள்ளே போட்டுக் கொள்கிறது. நடக்கிற காரியத்தைத் தடுக்காமல் கூடவே நின்று குறித்துக் கொள்ளும் இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அக்கா பெண் தன் ஊரில் தன் ஜாதிக்காரனைப் பார்த்ததைப் போலச் சந்தோஷப்பட்டாள். “அத்தை, உங்க விவிபாட் சுத்தமான ஸ்பை!” என்றாள். மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததும் கருவி சொல்லும் எண்ணிக்கையையும், பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் ஏஜெண்டுகள் முன்னிலையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரி பார்க்கச் சொன்ன வள்ளுவரை இங்கே நினைத்துக் கொண்டேன்.

ஒப்பிட்டாயிற்று. சரியாக இருக்கிறது. அப்புறம்?

“அப்புறம்தாங்க பயமே” என்றாள் என் மனைவி. போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க வேண்டும். ‘க்ளியர்’ என்று ஒரு பொத்தான். அழுத்திவிட்டு, எல்லாம் பூஜ்யம் என்று ஏஜெண்டுகளுக்குக் காட்ட வேண்டும். பெட்டியில் விழுந்த சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்து, பின்பக்கத்தில் மாதிரிச் சீட்டு என்று முத்திரை குத்தி, கறுப்புக் கவரில் போட்டு சீல் வைக்க வேண்டும். சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் வெளியே வரிசை நீண்டுவிடுகிறது. மணி ஏழாகப் போகிறது. யாரோ நாற்காலி கேட்கிறார்கள். யாரோ பட்டியலில் பெயர் இல்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். இந்தக் கலவரத்தில் க்ளியர் பொத்தானை அழுத்தாமல் விட்டால், யாருமே போடாத ஐம்பது வாக்கு, ஜனங்கள் போட்ட வாக்கோடு கலந்துவிடும். இது கற்பனையல்ல. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே சில சாவடிகளில் அப்படி நடந்துவிட்டது.

அன்று இரவு சாமான்களை ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவள், படுத்த பிறகு திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். “ஏங்க, நான் க்ளியர் பண்ணினேனா?” என்றாள். பண்ணியிருந்தாள். பூஜ்யத்தை ஏஜெண்டுகள் பார்த்திருந்தார்கள்; கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் இரண்டு முறை கேட்டாள்.

அக்கா பெண்ணின் உலகத்திலும் இதே வேலை இருக்கிறது. ஒரு பரீட்சையில் வைத்த ஸ்பை அடுத்த பரீட்சையிலும் ஒட்டிக் கொண்டிருந்தால் கணக்கெல்லாம் கெட்டுப் போகும். ஜெஸ்ட்டில் அதற்கு மூன்று பொத்தான்கள் இருக்கின்றனவாம். ஒன்று, ஒற்றன் நோட்டில் எழுதியதை மட்டும் அழிக்கும். இரண்டாவது, அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தையும் சேர்த்து அழிக்கும். மூன்றாவது, ஒற்றனையே வெளியே அனுப்பிவிட்டு அசலைப் பழைய இடத்தில் உட்கார வைக்கும். எதை எப்போது அழுத்துவது என்பதில் தேர்ந்தவர்களே தடுமாறுகிறார்களாம். “எங்களுக்கு ஒரே பொத்தான். அதுக்கே எனக்குத் தூக்கம் போச்சு” என்றாள் என் மனைவி.

இவ்வளவு செய்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. தான் பரீட்சிக்கப்படுகிறோம் என்று அசலுக்கே தெரிந்துவிட்டால்? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பையன்கள் எவ்வளவு சாதுவாக இருக்கிறார்கள்! 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சர்க்கார் வெளியிட்ட ஒரு செய்தி உலகத்தையே திடுக்கிட வைத்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்களில் ஒரு புரோகிராம் இருந்தது. ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் கவனித்து, ‘இது சாலை அல்ல, பரிசோதனைச் சாலை’ என்று அது கண்டுபிடித்துவிடும். உடனே கார் புகையைச் சுத்தமாக்கி விட ஆரம்பிக்கும். பரீட்சையில் தேறி ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி. அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் விஷப் புகையைக் கக்கிற்றாம். உலகம் முழுவதும் இப்படி ஒரு கோடிக்கு மேல் கார்கள். இதற்குத் துப்புக் கொடுத்தவர்கள், மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் பரிசோதனைச் சாலையோடு நின்றுவிடவில்லை. கருவியைக் காரிலேயே ஏற்றிக் கொண்டு நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள்.

வாக்கு இயந்திரத்தைப் பற்றியும் இந்தச் சந்தேகத்தைக் கிளப்புகிறவர்கள் உண்டு. காலை ஐந்தரை மணிக்கு ஒழுங்காக இருந்தது பத்து மணிக்கும் ஒழுங்காக இருக்கும் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 ஏப்ரல் 26ஆம் தேதி கோர்ட் அதை ஏற்கவில்லை. ஆனால் தோற்றவர்களில் இரண்டாம் மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் கேட்டால், ஐந்து சதவிகிதம் இயந்திரங்களைத் திறந்து உள்ளே இருப்பதைச் சரி பார்க்க வழி செய்தது. தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பதும் 2019 முதல் நடந்து வருகிறது. நான் அரசியல் பேச வரவில்லை. காலையில் வைக்கும் பரீட்சையோடு மாலையிலும் ஒரு சாட்சியை நிறுத்துவது நல்ல வழக்கம் என்று மட்டும் சொல்ல வந்தேன். அசலைக் கூட ஒரு வேளை பார்த்துவிட்டு நம்பிவிடக் கூடாது போலிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு கதாசிரியன் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறை இருக்கிறது. கதை எழுதுகிறவனும் போலிகளை வைத்துத்தான் ஜீவனம் நடத்துகிறான். பெயர் போலி, ஊர் போலி, கல்யாணம் போலி, சாவு போலி. ஆனால் உள்ளே இருப்பதையும் போலியாக்கினால், நான் சொல்லிக் கொடுத்ததையே அந்தப் பாத்திரங்கள் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லும். வாசகர் நாலாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். உள்ளே எங்கேயோ ஒரு நிஜ மனிதரின் நடத்தை, நிஜமான ஒரு பயம், ஆசை, கோபம் இருந்தால்தான், எழுதுகிற எனக்கே தெரியாத ஒன்றை அந்தப் பாத்திரம் செய்து காட்டும். அதற்காக நிஜ மனிதரின் பெயரையும் விலாசத்தையும் அப்படியே போட்டுவிட்டால், இரவு பதினொன்றரை மணிக்கு அவர் வந்து என் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

கிளியரிங் ஏஜெண்ட் பெரியவரிடம், அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். “எழுதுங்க தம்பி. ஆனா சுங்க ஆபீசிலே யாராவது படிப்பாங்க” என்றார். ஆகவே அவருடைய ஆபீஸ் இருக்கும் இடத்தை மாற்றியிருக்கிறேன். பெட்டிகளின் எண்ணிக்கையும் தொகையும் நான் போட்டவை. அவர் பயந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.